சுவிஸ் படை கைமாறாமல் இருந்திருந்தால்: 1796இல் வீழாத கொழும்பு

கெய்மன்வாசல் எழுதியது:

மாற்று வரலாறு என்று எடுத்தால் எல்லோரும் ஐரோப்பாவைச் சுற்றியே எழுதுகிறார்கள். நம் கொழும்பை வைத்தும் ஒரு கேள்வி கேட்கலாம். 1796 பெப்ரவரியில் ஆங்கிலேயர் இந்த ஊரை மதிலை உடைத்துப் பிடிக்கவில்லை. முற்றுகை சரியாகத் தொடங்குவதற்கு முன்பே ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) சரணடைந்துவிட்டார்கள். அந்தச் சரணடைவு நடக்காமல் இருந்திருந்தால் நம் தீவு என்னவாகியிருக்கும்?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1794-95 குளிர்காலத்தில் ஆறுகள் உறைந்து கிடக்க, பிரெஞ்சுப் புரட்சிப் படை அவற்றின் மேல் நடந்தே ஒல்லாந்துக்குள் புகுந்தது. ஜனவரியில் ஒல்லாந்தின் ஆட்சித் தலைவராக இருந்த இளவரசர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பினார். ஒல்லாந்தில் பத்தாவியக் குடியரசு எழுந்தது. பெப்ரவரி 7ஆம் திகதி, கியூ என்ற இடத்திலிருந்து அவர் குடியேற்ற நாடுகளுக்குக் கடிதம் எழுதினார்: ஆங்கிலேயப் படைகளை நண்பர்களாக உள்ளே விடுங்கள் என்று. கொழும்பில் ஆளுநர் வான் ஆங்கெல்பீக்கின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஓடிப்போன இளவரசர், மறுபக்கம் பிரான்சின் பிடியிலிருந்த புதிய குடியரசு. யாருக்கு விசுவாசம் காட்டுவது? தயங்கித் தயங்கி, கடைசியில் எதிர்ப்பது என்றுதான் அவருடைய சபை முடிவெடுத்தது.

கொழும்புக் கோட்டையின் பலம் டி மியூரோன் படை. இன்றைய சுவிட்சர்லாந்தின் நியூஷாத்தெலைச் சேர்ந்த சார்ல்ஸ் டானியல் டி மியூரோன் பிரபு 1781இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காகத் திரட்டிய கூலிப்படை அது. அதை விலைக்கு வாங்கலாம் என்ற யோசனையோடு புறப்பட்டவர் ஒரு வரலாற்றுப் பேராசிரியர், ஸ்கொட்லாந்தின் செயின்ட் அன்ட்ரூஸைச் சேர்ந்த ஹியூ கிளெக்ஹோர்ன். 1795 மார்ச் 30இல் நியூஷாத்தெலில் ஒப்பந்தம் ஆனது. படை முழுவதும் ஆங்கிலேயர் சம்பளத்துக்கு மாறும். கொழும்பில் படைக்குத் தலைமை தாங்கிய தம்பி பியேருக்கு இந்தச் செய்தி ஒல்லாந்துப் பாலாடைக்கட்டி ஒன்றுக்குள் ஒளித்து அனுப்பப்பட்டதாக ஒரு கதை இன்றுவரை உலவுகிறது. கதை எப்படியோ, அந்த ஆண்டு முடிவதற்குள் சுவிஸ்காரர்கள் ஒல்லாந்தரைக் கைவிட்டுவிட்டார்கள்.

அதற்குள் திருகோணமலை ஓகஸ்டிலும், யாழ்ப்பாணம் செப்டெம்பரிலும், மன்னார் ஒக்டோபரிலும், கற்பிட்டி நவம்பரிலும் போயின. 1796 பெப்ரவரி தொடக்கத்தில் கேணல் ஸ்டுவர்ட் நீர்கொழும்பில் இறங்கி, பாலத்துறையில் களனி கங்கையைக் கடந்து வந்தார். ரேமண்ட் என்பவர் தலைமையில் மலாய் வீரர்கள் வெளியே வந்து மோதினார்கள். ரேமண்ட் பட்ட காயத்தால் இறந்தார். 15ஆம் திகதி கையெழுத்து, 16ஆம் திகதி கொடி மாற்றம்.

நான் மாற்றுவது ஒரே ஒரு விஷயத்தைத்தான். பிரபு கையெழுத்துப் போடவில்லை. சுவிஸ் படை கொழும்பிலேயே நிற்கிறது. அப்படியானால் காலம் ஒல்லாந்தர் பக்கம். மே மாதம் தென்மேல் பருவக்காற்று பிடித்துவிடும். இன்று நாம் பார்க்கும் துறைமுக அலைதடுப்புச் சுவர் 1870களில்தான் கட்டத் தொடங்கினார்கள். அதற்கு முன் கொழும்பு திறந்த கடல். அந்தக் காற்றில் முற்றுகைக் கப்பல்கள் நங்கூரம் போட்டுக் கிடக்க முடியாது. மூன்று மாதம் மதிலுக்குள் தாக்குப்பிடித்தால் போதும்.

அதன்பின் என் ஊகம் இது. வடக்கும் கிழக்கும் ஆங்கிலேயரிடம். கொழும்பும் காலியும் மாத்தறையும் ஒல்லாந்தரிடம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் செய்த 1802 அமியன் உடன்படிக்கை அந்தப் பங்கீட்டை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. நடுவில் கண்டி அரசு உயிரோடு இருக்கிறது. 1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் விழுந்தது நடக்கவில்லை.

கருத்துச் சொல்லுங்கள். இன்றைய கட்சி அரசியலை மட்டும் இழுக்க வேண்டாம்.


கடல்கணக்கு எழுதியது:

அருமையான கேள்வி அண்ணா. ஆனால் நீங்கள் மதிலை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். கடலை வைத்துப் போட்டால் விடை வேறு.

அந்த ஒன்றரை ஆண்டுக்குள் ஒல்லாந்தருக்கு என்னென்ன போனது என்று பாருங்கள். மலாக்கா 1795 ஓகஸ்டில், நன்னம்பிக்கை முனை செப்டெம்பரில், கொச்சி ஒக்டோபரில். அம்போனும் பண்டாவும் 1796 தொடக்கத்தில். நன்னம்பிக்கை முனையை மீட்க ஒல்லாந்திலிருந்து வந்த லூக்காஸின் கப்பற்படை 1796 ஓகஸ்டில் சல்டானா விரிகுடாவில் ஒரு குண்டுகூடச் சுடாமல் சரணடைந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் காம்பர்டவுன் சண்டையில் தாய்நாட்டுக் கப்பற்படையும் நொறுங்கியது. கொழும்புக்கு உதவி எங்கிருந்து வரும்?

சோறு இன்னொரு பிரச்சினை. ஒல்லாந்தர் காலக் கொழும்பு தன் அரிசியைத் தானே விளைவித்துச் சாப்பிட்ட ஊர் இல்லை. சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த அரிசியில்தான் கோட்டை ஓடியது. அந்த இரண்டு கரையும் ஆங்கிலேயர் கையில். கறுவா மூட்டை மூட்டையாகக் கிடங்கில் கிடக்கும், ஏற்றிப் போகக் கப்பல் இருக்காது, விற்காவிட்டால் சுவிஸ்காரனுக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத கூலிப்படையை நம்பி எத்தனை மாதம் மதிலைக் காக்கலாம்? 1796 பெப்ரவரியில் வீழாத கொழும்பு 1797 பெப்ரவரியில் வீழ்ந்திருக்கும். அப்போதும் வீழவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பிரெஞ்சுக்காரரிடமிருந்த மொரிசியஸ் 1810இல் ஆங்கிலேயரிடம் போனது, ஜாவா 1811இல் போனது. கொழும்பு மட்டும் தப்புமா?


கெய்மன்வாசல் எழுதியது:

நன்னம்பிக்கை முனையை நீங்களே குறிப்பிட்டீர்கள், நன்றி. 1795இல் பிடித்த அதே முனையை 1802இல் அமியனில் ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்தார்கள். 1806இல் திரும்பவும் போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. கையில் இருந்ததையே மேசையில் திருப்பிக் கொடுத்த பேச்சுவார்த்தை அது. ஒல்லாந்திடமிருந்து அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டது இலங்கையை மட்டும்தான் (டிரினிடாட் ஸ்பெயினுடையது). கையில் இல்லாத கொழும்பை மேசையில் கேட்டு வாங்கியிருப்பார்களா? திருகோணமலை கிடைத்தால் போதும் என்று விட்டிருப்பார்கள். கடற்படைக்கு வேண்டியது அந்த இயற்கைத் துறைமுகம்தான்.

உதவி எங்கிருந்து வரும் என்று கேட்டீர்கள். மொரிசியஸிலிருந்து. சேர்சே என்ற தளபதியின் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் 1796 ஜூனில் அங்கே வந்து சேர்ந்தன. சில வாரங்களில் இலங்கைக் கடலுக்கும் வந்து வணிகக் கப்பல்களைப் பிடித்தன. பிறகு சுமாத்திரா பக்கம் போய்விட்டன. காலி நட்புத் துறையாக இருந்திருந்தால் சேர்சே எதற்கு அங்கே போகிறார்? பிடித்த அரிசிக் கப்பலை காலிக்கே கொண்டுவந்திருப்பார். சோற்றுப் பிரச்சினைக்கு ஓரளவு விடை அதில் இருக்கிறது.

திப்புவையும் சேர்த்துப் பாருங்கள். 1799 மே 4ஆம் திகதி ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மீது பாய்ந்த ஆங்கிலேயப் படையில் டி மியூரோன் படையும் இருந்தது. கொழும்பைக் காக்க வேண்டியவர்கள், மூன்று ஆண்டில் திப்புவின் மதிலில் ஏறினார்கள். நியூஷாத்தெலில் போட்ட ஒரு கையெழுத்து அவ்வளவு தூரம் போயிருக்கிறது.


வேக்கந்தை எழுதியது:

கெய்மன்வாசல் நானா, மலாய் வீரர்களுக்கு ஒரு வரி ஒதுக்கியதற்கு நன்றி. நான் கொம்பனித்தெருக்காரன், எங்கள் வீட்டில் மலாயும் தமிழும் கலந்துதான் பேசுவோம். வேக்கந்தைப் பள்ளிவாசலுக்கு 1786இல் நிலம் கொடுத்தவர் ஜாவாவிலிருந்து வந்த பாண்டன் பாலி. நாடுகடத்தப்பட்ட இளவரசர்களும், கம்பனிச் சிப்பாய்களும், அடிமைகளும் ஒரே கப்பலில் வந்து இறங்கிய ஊர் இது.

மதிலுக்கு மேலே யார் நின்றார்கள் என்று நீங்கள் இருவரும் பேசுகிறீர்கள். சுவிஸ்காரன் சம்பளம் மாறியதும் கொடி மாற்றினான். மலாய்க்காரன் பாலத்துறைப் பக்கம் வெளியே போய்ச் செத்தான். பிறகு அவனும் ஆங்கிலேயர் படையில்தான் சேர்ந்தான். 1803இல் கண்டியில் ஆங்கிலேயக் காவற்படை அழிந்தபோது கப்டன் நூருதீன் என்ற மலாய் அதிகாரி, அரசனிடம் சேர மறுத்து உயிரைக் கொடுத்தார். அரசனின் பக்கமும் மலாய் வீரர்கள் இருந்தார்கள். எந்தப் பேரரசு வென்றாலும் எங்கள் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று சாகத்தான் போகிறார்கள்.

நான் கேட்க வந்தது இதுதான். முதல் பதிவில் பிரெஞ்சுப் புரட்சி வருகிறது, ஆனால் புரட்சி கொழும்பில் யாருக்கு என்ன செய்திருக்கும்? 1791இல் ஹெயிட்டி அடிமைகள் எழுந்தார்கள். 1794 பெப்ரவரி 4ஆம் திகதி பாரிஸ் மன்றம் பிரெஞ்சு நாடுகள் எங்கும் அடிமை முறையை ஒழித்தது. (நம் சுதந்திர தினத் திகதி அது, எனக்கு ஒவ்வொரு வருடமும் நினைவு வரும்.) கொழும்பு அப்போது அடிமைகள் நிறைந்த ஊர். கம்பனிக்கும் அடிமைகள், வீடு வீடாகவும் அடிமைகள். பகலில் கோட்டைக்குள் வேலை, இரவில் ஏரிக்கு இந்தப் பக்கம் அடைப்பு. குடியரசின் கொழும்பில் அவர்களுக்கு விடுதலை கிடைத்திருக்குமா?


கடல்கணக்கு எழுதியது:

கிடைத்திருக்காது என்பதற்கு மொரிசியஸே சாட்சி. சேர்சேயின் கப்பல்களில்தான் பாக்கோ, பியூர்னெல் என்ற இரண்டு ஆணையாளர்களும் வந்தார்கள், அடிமை ஒழிப்பை நடைமுறைப்படுத்த. தீவின் தோட்டக்காரர்கள் சில நாட்களில் அவர்களைத் திரும்பக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். 1802இல் நெப்போலியன் அடிமை முறையைச் சட்டப்படி மீட்டார். பத்தாவியக் குடியரசோ அந்தப் பக்கமே போகவில்லை. ஒல்லாந்தர் தங்கள் கிழக்கிந்தியத் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது 1860இல், சூரினாமில் 1863இல்.


வேக்கந்தை எழுதியது:

அப்படியானால் கணக்கு நேராகவே இருக்கிறது. உண்மையில் நடந்த வரலாற்றில் இங்கே 1816இல், அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் நீதியரசராக இருந்தபோது, அந்த ஓகஸ்ட் 12க்குப் பின் பிறக்கும் பிள்ளைகளை விடுவிப்பதாக அடிமை வைத்திருந்தவர்கள் பலர் இணங்கினார்கள். 1844இல் சட்டப்படி முடிந்தது. ஒல்லாந்தக் கொழும்பு நிலைத்திருந்தால் அது 1860 வரை இழுத்திருக்கும். பதினாறு ஆண்டு என்பது ஒரு பெண் பிறந்து வளர்ந்து பிள்ளை பெறும் காலம். அவளுடைய பிள்ளையும் அடிமையாகப் பிறந்திருக்கும்.

கண்டி அரசன் பிழைப்பது எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த விலையையும் உங்கள் ஊகத்தோடு சேர்த்து எழுதுங்கள் நானா. இதை நான் விடமாட்டேன்.


புதுக்கடையான் எழுதியது:

நீதிமன்றத்தில் காலையிலிருந்து நின்றுவிட்டு இப்போதுதான் வாசிக்கிறேன். எல்லோரும் கொழும்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு யாழ்ப்பாணம்தான் கண்ணில் படுகிறது.

ஒல்லாந்தர் போய் இருநூறு ஆண்டு தாண்டியும் நான் தினமும் வாதாடுவது ரோமன் டச்சுச் சட்டத்தில். 1713இல் இறந்துபோன ஒல்லாந்தச் சட்ட அறிஞர் யொகான்னஸ் வூட்டின் உரையை இன்றும் புதுக்கடை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டுகிறோம். யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களைத் தொகுத்தார், 1806இல் ஆங்கிலேயர் அதையே சட்டமாக ஏற்றார்கள். அவர்கள் ஏற்றதற்குக் காரணம், முழுத் தீவும் கொழும்பிலிருந்து ஒரே கையில் ஆளப்பட்டது. இருந்த சட்டத்தைக் கலைக்காமல் விடுவது அவர்களுக்கு வசதி.

கெய்மன்வாசல் சொல்வதுபோல் கொழும்பு ஒல்லாந்தரிடம் நின்றால், யாழ்ப்பாணம் எங்கிருந்து ஆளப்படும்? சென்னையிலிருந்து. உண்மையிலும் 1796இலிருந்து இரண்டு ஆண்டு அப்படித்தான் ஆண்டார்கள். தென்னைமரத்துக்கு வரி, நகைக்கு வரி, வரி வசூலிக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த அமில்தார்கள். 1797இல் மக்கள் கிளர்ந்தார்கள். அந்தக் கிளர்ச்சியின் விளைவாகத்தான் 1798இல் பிரெடெரிக் நோர்த் ஆளுநராக வந்தார், 1802இல் தீவு சென்னையிலிருந்து முற்றாகப் பிரிந்து முடிக்குரிய நாடானது. கொழும்பே கையில் இல்லாதபோது லண்டன் ஒரு தனி ஆளுநரை எதற்கு அனுப்பும்? யாழ்ப்பாணமும் மன்னாரும் திருகோணமலையும் சென்னை மாகாணத்தின் ஒரு கலெக்டர் ஜில்லாவாகவே கிடந்திருக்கும், திருநெல்வேலி மாதிரி.

அங்கே சட்டம் என்ன ஆகியிருக்கும்? நாகப்பட்டினம் 1781 வரை ஒல்லாந்தரிடம் இருந்தது. இன்று அங்கே வூட்டைத் தெரிந்த வக்கீல் கிடையாது. சென்னை நீதிமன்றம் மிதாட்சர இந்துச் சட்டத்தை யாழ்ப்பாணத்துக்கும் நீட்டியிருக்கும்.

என் மேசையில் இப்போது ஒரு கோப்பு இருக்கிறது. தாய்க்குக் கொடுத்த சீதனக் காணி, உறுதி பழையது, ஓரங்கள் மடித்த இடத்தில் கிழிந்து ஒட்டுப் போட்டது. எல்லை எழுதியிருப்பது பனைகளையும் கிணற்றையும் வைத்து. கிணற்றில் பங்கு, வழி, வாய்க்கால் என்று தனித்தனியாக உரிமை. சொத்தை முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (மணத்துக்குப் பின் சேர்த்தது) என்று மூன்றாகப் பிரித்து, சீதனத்தை மனைவியின் தனிச் சொத்தாக நிறுத்துவது தேசவழமை. பழைய மிதாட்சரத்தில் குடும்பச் சொத்தில் பங்கு பிறக்கும்போதே ஆண்பிள்ளைகளுக்கு. பெண்ணுக்கு இந்த இடம் கிடையாது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காணியும் வீடும் தங்கள் பேரில் வைத்திருப்பது மாறிப்போயிருக்கும். அரசன் எவன் என்பதைவிட அது வீட்டுக்குள் பெரிய மாற்றம்.


மலைமகள் எழுதியது:

எல்லாப் பதிவையும் வாசித்தேன். இப்போது நான் கேட்கிறேன். இந்த மாற்று இலங்கையில் நான் இருக்கிறேனா?

நான் பிறந்தது கொட்டாஞ்சேனை, அப்பா வழி பதுளைத் தோட்டம். கண்டி விழுந்ததால்தான் மலை ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. 1840 முடிக்காணிச் சட்டத்தால் காடு துரைமாருக்குப் போனது. கோப்பி வந்தது, 1869இல் இலைநோய் வந்தது, கோப்பி போய்த் தேயிலை வந்தது. ஆள் பிடிக்கக் கங்காணி திருச்சிக்கும் சேலத்துக்கும் மதுரைக்கும் போனான். எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீர் இல்லாத காட்டு வழியில் மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களைப் புதைக்கக்கூட ஆள் நிற்கவில்லை. நூறு வருடத்துக்கு மேல் உழைத்த பின் 1948இல் ஒரு சட்டத்தால் குடியுரிமை போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எங்களைப் பங்கு போட்டார்கள்.

கண்டி பிழைத்தால் இந்தத் துயரம் எதுவும் இல்லை. நாங்களும் இல்லை. இந்த வகை எழுத்தில் அரசர்களும் தளபதிகளும் கப்பல்களும்தான் இடம் மாறுகிறார்கள். கூடை சுமந்தவர்கள் ஒரே வரியில் அழிந்துபோகிறார்கள், அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. நீங்கள் எல்லோரும் யோசித்து எழுதுகிறவர்கள், அதனால் உங்களிடம் கேட்கிறேன். எங்களை எங்கே வைக்கிறீர்கள்?


கெய்மன்வாசல் எழுதியது:

தங்கச்சி, இந்தக் கேள்விக்கு அவசரமாக விடை சொல்ல முடியாது. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் முன்னோர் ஊரை விட்டது கண்டி விழுந்ததால் மட்டும் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் நிலமில்லாத குடிகளின் கடனும் பண்ணை அடிமைத்தனமும் பஞ்சமும் அவர்களைத் துரத்தின. 1876-78 தாதுவருடப் பஞ்சம் இலங்கையில் யார் ஆண்டாலும் வந்திருக்கும். அவர்கள் அந்த நூற்றாண்டில் மொரிசியஸுக்குப் போனார்கள், நேட்டாலுக்குப் போனார்கள், மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போனார்கள். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரியூனியனுக்குக் கொண்டுபோனார்கள். ஒல்லாந்தரும் சும்மா இருக்கவில்லை: 1870இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்து, 1873இல் கல்கத்தாவிலிருந்து முதல் கப்பலில் சூரினாமுக்கு ஆள் கொண்டுபோனார்கள். சுமாத்திராவின் டெலிப் புகையிலைத் தோட்டங்களுக்கும் தமிழர் போனார்கள். மேடானில் இன்றும் தமிழ்க் கோயில் இருக்கிறது.

ஆகவே என் மாற்று இலங்கையில், ஒல்லாந்தரின் காலி, மாத்தறை மேட்டு நிலங்களில் தோட்டம் வந்தால் உங்கள் ஆட்களில் ஒரு பகுதி அங்கே இருப்பார்கள். மற்றவர்கள் வேறு கடல் தாண்டிப் போயிருப்பார்கள். நுவரெலியாவிலும் பதுளையிலும் இருக்கமாட்டார்கள்.


மலைமகள் எழுதியது:

நேரான பதிலுக்கு நன்றி அண்ணா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஒல்லாந்தர் தோட்டத்துக்கு ஆள் பிடிப்பது ஒரு வழி. ஜாவாவில் அவர்கள் செய்தது வேறு. 1830இலிருந்து வான் டென் பொஸ் கொண்டுவந்த கட்டாயப் பயிர்முறையில் கிராமத்தானையே தன் நிலத்தில் ஒரு பங்கில் கோப்பியும் கரும்பும் அவுரியும் போடவைத்துப் பறித்தார்கள். வெளியிலிருந்து ஆள் கொண்டுவரத் தேவையே இல்லை. அது இங்கே வந்திருந்தால், கூடை சுமந்திருப்பவள் மாத்தறைச் சிங்களக் கிராமத்துப் பெண். யாரோ ஒருத்தி சுமக்காமல் கோப்பி கப்பல் ஏறாது. அவள் பெயரையும் உங்கள் ஊகத்தில் எழுதுங்கள்.


வன்னிக்காற்று எழுதியது:

கொழும்பில் வாடகை அறையில் இருந்தாலும் நான் முல்லைத்தீவுக்காரன், அதனால் கண்டியையும் வன்னியையும் பற்றி எழுதுகிறேன்.

எல்லோரும் 1815இலிருந்து பார்க்கிறீர்கள். கண்டியின் கழுத்தில் சுருக்கு விழுந்தது 1766இல். அதற்கு முந்திய ஆண்டு ஒல்லாந்தர் கண்டிக்குள்ளேயே படை நடத்தினார்கள். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனிடம் கையெழுத்து வாங்கி, தீவைச் சுற்றி முழுக் கரையையும் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கண்டிக்கு ஒரு துறைகூடச் சொந்தமில்லை. உப்புக்கும் கருவாட்டுக்கும் பகைவனிடம் கையேந்த வேண்டும். வன்னியையும் அவர்கள் விடவில்லை, 1780களில் நாகெல் என்ற அதிகாரியை அனுப்பி வன்னியர் எனப்பட்ட அந்தப் பகுதிச் சிற்றரசர்களை அடக்கினார்கள்.

இப்போது 1795ஐப் பாருங்கள். இராஜாதி இராஜசிங்கனிடம் சென்னையிலிருந்து ரொபேர்ட் அன்ட்ரூஸ் தூது போகிறார். கண்டித் தூதர்கள் சென்னைக்குப் போகிறார்கள். 1796 பெப்ரவரியில் சென்னையில் ஒப்பந்தம் எழுதப்படுகிறது: கண்டிக்குப் பத்துக் கப்பல்கள், உப்புக்கும் மீனுக்கும் கரையில் இடம். அரசன் அதில் கையெழுத்துப் போடவில்லை, 1766இல் போன முழுக் கரையும் வேண்டும் என்று நின்றான். சில நாள் இடைவெளியில் கொழும்பு வீழ்ந்தது. அத்தோடு கண்டியின் தயவு ஆங்கிலேயருக்குத் தேவைப்படவில்லை.

கெய்மன்வாசல் அண்ணை, உங்கள் ஊகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொழும்பு வீழாமல், மே மாதக் காற்றில் கப்பல்கள் ஒதுங்கி, ஸ்டுவர்ட்டின் படை நீர்கொழும்பில் காய்ச்சலில் கிடக்கிறது என்று வையுங்கள். மலைவழிகளைத் தெரிந்தவன் கண்டியான். அரிசி, மாடு, சுமைதூக்க ஆள் எல்லாம் அவனிடம். அப்போது சென்னை இரண்டாவது தடவை ஓலையைத் தூக்கிக்கொண்டு வரும், இந்தத் தடவை ஒரு துறையோடு. கடல் கிடைத்த கண்டியைப் பிறகு யாரும் பட்டினி போட்டு அடக்க முடியாது.

1803ஐயும் நினையுங்கள். கண்டியோடு போர் மூண்ட அதே ஆண்டில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை எடுத்தான். ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையின் கப்டன் ட்ரிபேர்க் அவனைத் தோற்கடித்ததைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அவனுக்குப் பின்னால் துறையுள்ள ஒரு கண்டி நின்றிருந்தால் அந்தக் கல் நட்டிருக்கமாட்டார்கள்.


கடல்கணக்கு எழுதியது:

இது வலுவான வாதம், ஆனால் இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதலாவது வெல்லஸ்லி. 1798இல் ஆங்கிலேயத் தலைமை ஆளுநராகக் கல்கத்தாவுக்கு வந்ததும் அவர் கையாண்ட முறை எல்லோருக்கும் தெரியும்: உன் நாட்டில் என் படை நிற்கும், செலவு உன்னுடையது. நோர்த் 1800இல் மக்டோவலைப் பரிசுகளோடு கண்டிக்கு அனுப்பியதும் அதே நோக்கத்தில்தான். கண்டிக்கு ஒரு துறை கிடைத்தால் அந்தத் துறை வழியாகவே ஆங்கிலேயப் படை உள்ளே வரும். திருவிதாங்கூருக்குக் கடல் இருந்ததே! வேலுத்தம்பி 1808-09இல் எழுந்து என்ன ஆனது? கண்டி ஒரு திருவிதாங்கூராக, ரெசிடென்ட் ஒருவருடைய நிழலில் 1947 வரை வந்திருக்கும். அதுவும் ஒரு வகையில் பிழைப்புத்தான்.

இரண்டாவது 1824. அந்த ஆண்டு லண்டனில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் உட்கார்ந்து ஆசியாவைப் பங்கிட்டார்கள். ஒல்லாந்தர் மலாக்காவையும் இந்தியாவிலிருந்த தங்கள் இடங்களையும் கொடுத்தார்கள், சுமாத்திராவின் பென்கூலனை வாங்கிக்கொண்டார்கள். கொழும்பு அதுவரை அவர்களிடம் இருந்திருந்தால் அந்த மேசையில் அதையும் கொடுத்திருப்பார்கள், பதிலுக்கு வேறு ஏதாவது பெரிதாக வாங்கியிருப்பார்கள். இருபத்தெட்டு ஆண்டு தள்ளி, தீவு முழுவதும் ஒரே கைக்கு வருகிறது.


கெய்மன்வாசல் எழுதியது:

1824 சரியான தடை. அதை ஏற்றுக்கொண்டே பேசுகிறேன். அந்த இருபத்தெட்டு ஆண்டில் எதெல்லாம் நடக்காது?

கண்டி 1815இல் விழுந்தது படை பலத்தால் மட்டும் இல்லை, உள்ளிருந்து பிரதானிகள் கழன்றதால். பிலிமத்தலாவை நோர்த்தோடு இரகசியமாகப் பேசினான்; எஹலப்பொலை கொழும்புக்கு ஓடிவந்தான். இருவருக்கும் ஓடிவரக் கொழும்பில் ஒரு இடம் இருந்தது. அங்கே சிங்களம் நன்றாகத் தெரிந்த ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலி உட்கார்ந்து, மலைநாட்டிலிருந்து வந்த ஒவ்வொரு ஆளையும் விசாரித்து, செய்தி சேர்த்து, ஆண்டுக்கணக்கில் வலை பின்னினார். என் கொழும்பில் டொயிலி இல்லை. பணமும் வேகமும் இல்லாத ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கறுவாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எஹலப்பொலை யாரிடம் போவான்? 1817-18 ஊவா கிளர்ச்சியில் எரிந்த வயல்கள் எரியவில்லை. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கைதியாக வேலூருக்குப் போகவில்லை. 1824இல் ஆங்கிலேயர் கொழும்புக்கு வரும்போது எதிரே நிற்பது துறையும் கப்பலும் பேச்சுவார்த்தைப் பழக்கமும் உள்ள ஒரு அரசு. திருவிதாங்கூர் மாதிரி என்றீர்கள். நான் யாருக்கும் குடியேற்ற நாடாகாமல் நின்ற சயாம் மாதிரியாக ஆகியிருக்க இடமுண்டு என்கிறேன்.

வேக்கந்தைக்கும் மலைமகளுக்கும்: அடிமை ஒழிப்பில் இருந்த தாமதத்தையும் மாத்தறைப் பெண்ணையும் முதல் பதிவின் ஊகத்தோடு சேர்த்து எழுதுகிறேன். 1824இல் கைமாறினால் 1844 சட்டம் கொழும்புக்கும் வரும், அதைத் தாண்டி இழுக்காது. ஆனால் 1816 இணக்கம் இங்கே நடந்திருக்காது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் அடிமைகளாகவே பிறந்திருப்பார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும்.


வேக்கந்தை எழுதியது:

சரி நானா. அப்படி எழுதினால் நானும் சேர்ந்து யோசிக்கிறேன். கண்டிக்குத் துறை கிடைத்தால் கப்பல் ஓட்டுவது யார்? மலைநாட்டவர் கடலுக்குப் பழக்கமில்லை. மலாய்க்காரரும் கரையோரச் சோனகரும்தான். கண்டியின் தவளப் பாதைகளில் மாட்டுச் சுமை ஓட்டியவர்கள் ஏற்கெனவே சோனகர்; அரசன் நம்பிப் பொறுப்புக் கொடுத்த கூட்டம் அது.


புதுக்கடையான் எழுதியது:

எந்தத் துறை என்பதையும் முடிவு செய்தால் நல்லது. கொட்டியாரமா, புத்தளமா?


வன்னிக்காற்று எழுதியது:

கொட்டியாரம் திருகோணமலைக் குடாவுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே கண்டிக் கொடியை ஆங்கிலேயக் கடற்படை ஒருநாளும் விடாது. புத்தளம்தான். கற்பிட்டியை 1795 நவம்பரிலேயே அவர்கள் எடுத்துவிட்டதால் அந்தப் பக்கத்தைக் கொடுக்க அவர்களால் முடியும். கொழும்புக்கும் மன்னாருக்கும் நடுவில் ஒல்லாந்தரை வடக்கே விடாமல் தடுக்க அங்கே கண்டி நிற்பது அவர்களுக்கும் நல்லது. பெரிய கப்பல் களப்புக்குள் வராது, தோணிகள் வரும். கண்டிக்கு அது போதும். உப்பளம் அங்கேயே இருக்கிறது, சோனகர் ஊர்களும் இருக்கின்றன. குருநாகல் வழியாக மலைக்கு மாட்டுப் பாதை பழையது. அடுத்த பகுதியைப் புத்தளத்திலிருந்து தொடங்குங்கள் அண்ணை, உப்பு வரிக் கணக்கை நான் எழுதித் தருகிறேன்.